ஒரு கோடு கூடினால்

வின்னிபெக். தை மாதம், வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
வட்டுகளின் அறையில் நான் அரைக்கைச் சட்டையோடு.
இரவு இரண்டே கால்.
பழைய கிடங்கில் முதல் முறையாகச் சோதனை ஓடுகிறது,
தொகுதி தொகுதியாய்ப் படித்து, ஒப்பிட்டு,
சரி, சரி, சரி என்று பச்சையில் முனகிக்கொண்டு.

பிறகு ஒரு சிவப்பு.

ஆற்றின் நீர்மட்டப் பதிவேடு.
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்.
இன்றைய ஹாஷ் அன்றைய ஹாஷ் இல்லை.
அறுபத்து நான்கு எழுத்தில் ஒன்றிரண்டு மாறியிருந்தால்
மனம் ஆறியிருக்கும். மொத்தமும் வேறு.
அதன் குணமே அப்படி.
கடுகளவு பிசகினாலும் முகத்தையே மாற்றிக்கொள்ளும்;
எங்கே வலிக்கிறது என்று கேட்டால்
வாய் திறக்காது.

வெண்பா எவ்வளவோ மேல்.
எரி என்பதில் ஒரு கோடு கூடி ஏரி ஆனால்
நிரை போய் நேர்நேர் வந்து நிற்கும்,
தளை தட்டும், எந்தச் சீர் என்று செவியே சொல்லிவிடும்.
இங்கே நெருப்பு ஏரியானாலும்
மின்விசிறிகளின் இரைச்சல் தவிர வேறில்லை.

நகல்? இருந்தது.
பிழையையும் பிசகாமல் நகலெடுத்து வைத்திருந்தது.

ரொடெல் மகராயெக், கார் உறைந்துபோனதால்
மாலை ஷிஃப்ட் முடிந்தும் வீடு போகாதவன்,
என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.
முத்திரைதான் இருக்கிறதே, என்றான்.
ஒவ்வொரு பிட்டாய்ப் புரட்டு. ஹாஷ் போடு.
பொருந்தாவிட்டால் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போ.

முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டுக் கதவுகள்.
கண் சிமிட்டுவதற்குள் அத்தனையும் தட்டியாயிற்று.
ஒருவரும் திறக்கவில்லை.

அப்படியானால் இரண்டு.
இரண்டிரண்டாய்ப் புரட்ட ஐம்பத்து மூன்று கோடிச் சொச்சம்.
எட்டு கோர் உள்ள கிழட்டு மெஷின், ஒன்பது நிமிடம்.
மூன்று என்றால்?
காகிதக் கோப்பையின் வயிற்றில் கணக்குப் போட்டான்:
அறுபத்தெட்டு நாள்.
அதற்குள் பனி உருகி
ஆறே நேரில் வந்து சொல்லிவிடும்.

ஆறாம் நிமிடத்தில் பொருந்தியது.
பன்னிரண்டு வருடத்துக்கு முன் யாரோ
காகிதத்தில் அச்சிட்டுப் பெட்டியில் போட்டிருந்த வரிசை,
எழுத்துக்கு எழுத்து.
தற்செயலாய்ப் பொருந்தியிருக்குமோ என்றேன்.
அதைவிட என் கார் தானாக ஸ்டார்ட் ஆகும் என்றான்.

ஒரு பிட், ஊர்ப்பெயர் ஒன்றில்
சின்ன எழுத்தைப் பெரிதாக்கியிருந்தது.
யாருக்கும் நட்டமில்லை.
மற்றதில் ஏழு மூன்றாகியிருந்தது.
நமக்கு நான்கு விரல் இடைவெளி,
இயந்திரத்துக்கு ஒரே ஒரு பிட்.
ஏழு மீட்டர் நாற்பத்தொன்று
மூன்று மீட்டர் நாற்பத்தொன்றாய்,
எத்தனை நாளாயோ,
ஒரு வெள்ளம் வெள்ளமாக இராமல் படுத்துக் கிடந்திருக்கிறது.

திருத்தினேன். சிவப்பு பச்சையானது.

அன்று அளவுகோலைப் படித்தவர் மார்லீன் புரூடென்.
அதே வரியின் கடைசியில் அவர் குறிப்பு:
பனிக்கட்டி மறைக்கிறது, டார்ச் மங்கல்,
ஏழாகத்தான் இருக்கும்.

ஏழாகத்தான் இருக்கும்.
இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தேன்.
அந்தக் குளிரில் அவர் எதைப் பார்த்தார் என்று
ஹாஷுக்குத் தெரியாது.
எழுதியதை மட்டும் உயிர் போனாலும் விடாது.

என் பாஸ்போர்ட்டிலும் அப்படி ஒன்று உண்டு.
ஐப்பசி அடைமழையில் பிறந்த என்னை
ஜனவரி ஒன்று என்று ஒருவர் தட்டிவிட்டார்,
பின்னால் வரிசை நீளமாக இருந்தது.
அன்றிலிருந்து எந்த விமான நிலையத்திலும்
எல்லாத் திரையும் பச்சைதான்.

புத்தாண்டு தோறும் ரொடெல் கேக் வாங்கி வருகிறான்.
வனிலா.
எனக்கு வனிலா பிடிக்காது.
அதை எங்கும் பதியவில்லை.